அத்தியாயம் 3: மூலப் பத்திரத்தைக் கேளுங்கள்

அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர்கூடத் தரகர் சொல்லை மட்டும் நம்பிப் பணத்தை எடுத்து நீட்டிவிட மாட்டார். “மூலப் பத்திரம் இருக்கா?” என்றுதான் முதலில் கேட்பார். விற்பவர் கையில் இருப்பது பத்து வருஷத்துக்கு முந்திய கிரயப் பத்திரம். அவருக்கு விற்றவர் யார், அந்த ஆளுக்கு அது பாகப்பிரிவினையில் வந்ததா, உயில் வழியாக வந்ததா என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போவார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். வக்கீலிடம் காட்டிய பிறகுதான் அட்வான்ஸ். அதே மனிதர் தன் ஊரின் வரலாற்றை எழுத உட்காரும்போது, கும்பாபிஷேக மலரில் இருப்பதை அப்படியே பெயர்த்து எழுதிவிடுகிறார். மனைக்குக் கேட்ட கேள்வியை ஊருக்கும் கேட்கப் பழகுவதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

ஒரு சம்பவம் நடந்த காலத்திலேயே, அதில் சம்பந்தப்பட்டவராலோ அருகில் இருந்தவராலோ உண்டானது முதன்மைச் சான்று. கல்வெட்டு, செப்பேடு, ஓலை, கடிதம், நாட்குறிப்பு, பத்திரம், கோர்ட் தீர்ப்பு, அரசாணை, அன்றைய செய்தித்தாள், புகைப்படம், மளிகைக் கடைச் சிட்டைகூட இதில் சேரும். அவற்றைப் பின்னால் ஒருவர் படித்து, ஒப்பிட்டு, தன் முடிவோடு எழுதியது துணைமைச் சான்று. வரலாற்று நூல்கள், ஆய்வேடுகள், தல வரலாறுகள், நாளிதழ் சிறப்பு மலர்க் கட்டுரைகள் எல்லாம் இந்த வகை.

இதைப் படித்ததும் அலமாரியில் இருக்கிற புத்தகங்களை இரண்டு அடுக்காகப் பிரித்துவிடலாம் என்று தோன்றும். பிரிக்க முடியாது. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியரை எடுத்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கரைப் பற்றி அதில் இருக்கும் பக்கங்கள் துணைமைச் சான்று. நாயக்கர் காலத்துக்கு இருநூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி மற்ற நூல்களைப் பார்த்து எழுதியவை. ஆனால் உங்கள் கேள்வி, ‘ஆங்கிலேய அதிகாரிகள் 1906இல் மதுரைச் சாதிகளை எப்படிப் பார்த்தார்கள்?’ என்பதாக இருந்தால் அதே புத்தகம் முதன்மைச் சான்று ஆகிவிடுகிறது. எனவே ‘இது முதன்மையா, துணைமையா?’ என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்காதீர்கள். முதலில் உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். சான்றின் தரம் அந்த வரியைப் பொறுத்தது.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் என் தாயார் பிறந்த ஊரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினேன். அங்குள்ள சிவன் கோயிலை முதலாம் இராசேந்திரன் கட்டினான் என்று அதில் அச்சாகியிருக்கிறது. மூன்று நூல்களில் அப்படித்தான் இருந்தது. மூன்று ஆதாரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, மூன்றும் ஒன்றுதான். பின்னால் வந்த இரண்டும் முதலில் வந்த கோயில் மலரைப் பார்த்து எழுதியவை. மலரை எழுதிய பெரியவர், கல்வெட்டில் ‘கோப்பரகேசரி’ என்ற சொல்லைக் கண்டு இராசேந்திரன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். இராசேந்திரன் பரகேசரிதான். ஆனால் சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூட்டிக்கொண்டவர்கள். விசயாலயன், முதற் பராந்தகன் என்று பரகேசரிகள் பலர் உண்டு. அந்த ஒரு சொல்லை வைத்து ஆளைச் சொல்ல முடியாது.

நூல் வெளிவந்து இரண்டு வருஷம் கழித்து, கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை அங்கே அழைத்துப் போனேன். மாலை ஆறு மணி. கருவறையின் தென்புறச் சுவரில் சுண்ணாம்பு படிந்த இடத்தில் எனக்கு வெறும் வெள்ளைதான் தெரிந்தது. “தம்பி, டார்ச்சை நேரா அடிக்காதீங்க. கல்லோடு ஒட்டி, பக்கவாட்டுல பிடிங்க” என்றார். பிடித்தேன். பள்ளங்களில் நிழல் விழுந்து, எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ‘கோப்பரகேசரி’க்கு முன்னால் ‘ண்ட’ என்று இரண்டு எழுத்து. அதற்கும் முன்னால் அவர் விரல் மெதுவாக நகர்ந்து நின்றது: ‘மதிரை கொ’. மதிரை கொண்ட கோப்பரகேசரி என்றால் முதற் பராந்தகன். இராசேந்திரனுக்கு நூறு ஆண்டு முந்தியவன். அதோடு முடியவில்லை. கல்வெட்டின் செய்தி, ஒருவர் நந்தா விளக்கு எரிக்க 90 ஆடு கொடுத்தார் என்பது. மன்னன் கோயில் கட்டினான் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. விளக்கு வைக்கக் கொடை கொடுத்தார் என்றால் கோயில் அதற்கு முன்பே இருந்திருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் நூலைப் பார்த்து ஊர் வரவேற்பு வளைவில் இராசேந்திரன் பெயரை எழுதிவிட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம் இது. ஒரு செய்தி எத்தனை நூல்களில் இருக்கிறது என்று எண்ணுவதில்லை. அவை ஒவ்வொன்றும் எங்கிருந்து எடுத்தன என்று பார்க்கிறேன். பத்து ஆறும் ஒரே ஊற்றிலிருந்து வந்தால் ஊற்று ஒன்றுதான்.

இதனால் துணைமை நூல்களை ஒதுக்கச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவை இல்லாமல் முதன்மைச் சான்றுக்கு வழி தெரியாது. உத்திரமேரூரைக் கொண்டு அந்த வழியை ஒரு முறை நடந்து பார்ப்போம்.

‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே உத்திரமேரூரில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்து அரசியல் மேடை வரைக்கும் கேட்டிருப்பீர்கள். இது உண்மையா என்பது உங்கள் கேள்வி. முதலில் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றை எடுங்கள். குடவோலை என்ற அந்தத் தேர்வு முறையைப் பற்றிய பக்கத்தில் கண்ணை உடனே அடிக்குறிப்புக்கு இறக்குங்கள். கல்வெட்டுகளின் எண் இருக்கும்: 1898ஆம் ஆண்டின் 1, 2. அதாவது அந்த ஆண்டு கல்வெட்டுத் துறையினர் பதிவு செய்த முதல் இரண்டு கல்வெட்டுகள். இந்த எண்தான் உங்கள் மூலப் பத்திரத்தின் எண். இதை வைத்துக்கொண்டு அச்சான வாசகத்தைத் தேடினால், கல்வெட்டறிஞர் வெங்கையா பதிப்பித்ததும், சாஸ்திரியே 1932இல் தன் கட்டுரைத் தொகுப்பில் விரிவாக ஆராய்ந்ததும் கிடைக்கும். முடிந்தால் ஒரு நாள் பஸ் ஏறி வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கே போய்ச் சுவரின் முன் நில்லுங்கள்.

வாசகத்தைப் பொறுமையாகப் படித்தால் கண் திறக்கும். ஊர் குடும்பு என்ற முப்பது பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, கட்டிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கிறார்கள். இது சீட்டுக் குலுக்கல். ஓட்டு என்பது எங்குமே இல்லை. தகுதி என்ன? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி. அரைக்கால் வேலிதான் இருக்கிறதென்றால் அதற்கு ஈடாகக் கூடுதல் படிப்பு வேண்டும். உத்திரமேரூர் பிராமணர்களின் ஊரான பிரமதேயம், சபை அவர்களுடையது. பெண்களும், உழவு செய்தவர்களும், நிலமற்றவர்களும் குடத்தருகே வரவே இல்லை. இவ்வளவும் கல்லிலேயே இருக்கிறது, மேடையில்தான் விட்டுப்போகிறது.

மேடையில் சொல்லாத பெருமையும் அதே கல்லில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் போடக் கூடாது! முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. பதவிக்காலம் 360 நாள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். பொய்யான பெருமையை விட்டால்தான் இந்த நிஜமான பெருமை கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல்வெட்டுகள் இரண்டு: அதே முதற் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகள், அதாவது 919, 921. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். இரண்டு முறையும் மன்னனின் அதிகாரி ஒருவர் உடன் இருந்திருக்கிறார். பல நூல்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிடுகின்றன. கலக்கும்போது அந்தத் திருத்தத்தின் கதை தொலைந்துபோகிறது. ஏன் திருத்தினார்கள் என்பதுதான் நல்ல ஆய்வாளருக்கு அடுத்த கேள்வி.

முதன்மைச் சான்று என்றால் உண்மை என்று பொருள் இல்லை. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்கி அவர் இறந்த 1761 வரை நீள்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் மண்ணை உள்ளிருந்து காட்டும் இப்படி ஒரு பொக்கிஷம் வேறு இல்லை என்பேன். ஆனால் அவர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். பதவிக்குப் போட்டி இருந்தது. துய்ப்ளேக்ஸின் மனைவியோடு அவருக்கு ஆகவே ஆகாது. அந்த அம்மாளைப் பற்றி அவர் எழுதியதை அந்த அம்மாளின் குணத்துக்குச் சான்றாக அப்படியே எடுக்கக் கூடாது. பிள்ளையின் மனத்துக்குச் சான்றாகத் தாராளமாக எடுக்கலாம். துணி என்ன விலை, எந்தக் கப்பல் எப்போது வந்தது என்பவற்றில் அவருக்குப் பொய் சொல்ல அவசியம் இல்லை. ஒரே ஆவணத்தில் எதை எவ்வளவு நம்புவது என்பது வரிக்கு வரி மாறும். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. பலரும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். தமிழில் எழுதப்பட்ட நூலை ஆங்கிலம் வழியாகத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். தமிழ் மூலமும் அச்சாகியிருக்கிறது.

இனி, எங்கே போய்த் தேடுவது?

தூரத்திலிருந்து தொடங்குகிறவர்கள்தான் அதிகம். நான் தாலுகா அலுவலகத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். உங்கள் ஊரின் ‘அ’ பதிவேடும், புலப்படமும், பழைய நிலவரித் திட்டப் பதிவேடும் சேர்ந்தால் ஊரின் உடம்பு தெரியும். எது நஞ்சை, எது புஞ்சை, எது ஏரி, எது மேய்ச்சல் புறம்போக்கு, இன்று பஸ் ஸ்டாண்டு இருக்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது என்பதெல்லாம் சர்வே எண்ணோடு கிடைக்கும். கோயில், சத்திரம், ஊர்ப் பணியாளர் மானியங்களுக்கு 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளைத் தேடுங்கள். இந்த மானியம் யார் கொடுத்தது, இப்போது யார் அனுபவிக்கிறார்கள் என்று விசாரித்து எழுதியவை அவை. ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் அவற்றில் கொட்டிக் கிடக்கும்.

அடுத்தது எழும்பூர். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் செங்கல் சிவப்புக் கட்டடம்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கட்டியது 1909இல், உள்ளே இருப்பவை பதினேழாம் நூற்றாண்டு வரை பின்னால் போகும். அடையாள அட்டையும், ஏதேனும் ஒரு கல்வி நிறுவனத்தின் அறிமுகக் கடிதமும் எடுத்துக்கொண்டு போங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும். ‘எங்க ஊரைப் பற்றி என்ன இருக்கு?’ என்று கேட்டால் ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. அங்கே ஆவணங்கள் ஊர் வாரியாக இல்லை, துறை வாரியாகவும் தேதி வாரியாகவும் இருக்கின்றன. ஏரி மதகு பற்றித் தேடுகிறீர்களா? அது வருவாய் வாரியத்திலும் இருக்கலாம், பொதுப்பணித் துறையிலும் இருக்கலாம். எந்த ஆண்டு மதகு உடைந்தது என்று கெசட்டியரிலோ பெரியவர்கள் வாயிலோ தெரிந்துகொண்டு, அந்த ஆண்டின் பொருளடக்க அட்டவணையை முதலில் கேட்டு வாங்குங்கள். அரசாணை எண், தேதி, துறை மூன்றையும் குறித்துச் சீட்டு எழுதிக் கொடுங்கள். முதல் நாள் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ‘நொறுங்கும் நிலை’ என்று எழுதித் திரும்பியும் வரலாம். மனம் தளராதீர்கள், அதே உத்தரவின் நகல் மாவட்டப் பதிவுகளில் இருக்க வாய்ப்பு உண்டு.

கல்வெட்டுக்கு, 1890இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளும், ஆண்டுதோறும் வந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளும், தஞ்சையிலிருந்து வரும் ‘ஆவணம்’ இதழும் போதும். சுவரில் மணல் வீச்சு அடித்து எழுத்து மழுங்கிப்போன கோயில்களுக்கு, எப்போதோ எடுத்த மைப்படி மட்டுமே இனி மூலம். அந்தப் படிகள் நெடுங்காலம் மைசூரில் இருந்தன. தமிழ்க் கல்வெட்டுகளின் படிகளைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. எனவே கிளம்பும் முன் எங்கே இருக்கிறதென்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய இதழ், துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த செல்வம் அது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களில் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதால் அதன் பிறகான புத்தகங்களுக்கு அங்கே பாருங்கள். வீட்டிலிருந்தே தேட, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு, அந்த மின்படிகளின் அருமை சொல்லாமலே விளங்கும்.

தேதியில் பலர் வழுக்கி விழுகிறார்கள். வருவாய்ப் பதிவேடுகள் பசலி ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆனால் பசலி ஜூலையில் தொடங்குவதால் அடுத்த ஆண்டின் ஜூன் வரை நீளும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. சக ஆண்டுக்கு 78 கூட்ட வேண்டும். தென்கோடியில் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு 825 கூட்டுவது வழக்கம், மாதத்தைப் பொறுத்து ஒன்று குறையும். வெறும் ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒரு தாது வரும் என்பதை மறக்காதீர்கள். குறிப்பேட்டில் ஆவணத்தில் உள்ள தேதியை அப்படியே எழுதி, நீங்கள் மாற்றியதை அதன் கீழே தனியாக எழுதுங்கள். கணக்குப் பிசகினாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

தாது வருஷம் என்றதும் பஞ்சம் நினைவுக்கு வருகிறது. 1876-78 பஞ்சத்தில் உங்கள் ஊர் என்ன ஆனது என்று தேடினால், சான்றுகளை ஒன்றோடொன்று மோதவிடும் பயிற்சி கிடைக்கும். 1880இல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கை அரசின் குரல். 1871, 1881 மக்கள்தொகைக் கணக்குகளை அருகருகே வைத்தால், பத்து ஆண்டில் சென்னை மாகாணத்தில் மக்கள்தொகை கூடாமல் சற்றுக் குறைந்திருப்பது தெரியும். தாலுகா எண்ணைப் பார்த்தால் உங்கள் பகுதி எவ்வளவு இழந்தது என்பதும் தெரியும். ஹூப்பர் என்பவர் அந்தப் பஞ்சத்தில் எடுத்த எலும்பும் தோலுமான மனிதர்களின் படங்கள் நெஞ்சைப் பிழியும். ஆனால் அவை வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை. யார் உட்காரச் சொன்னார், படத்துக்குப் பிறகு அவர்களுக்குச் சோறு கிடைத்ததா என்பதைப் படம் சொல்லாது. ‘அன்றே சுதேசமித்திரன் எழுதியது’ என்று யாராவது சொன்னால் நின்று யோசியுங்கள்: அந்தப் பத்திரிகை தொடங்கியதே 1882இல். இப்படி ஒரு ஆண்டைச் சரிபார்ப்பதால் உடையும் கதைகள் ஏராளம்.

பஞ்சத்தைக் கண்டவர்கள் இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் “எங்க பாட்டி சொல்லுவாங்க” என்று தொடங்கும் பேச்சைத் தள்ளாதீர்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு அது சான்று ஆகாது. எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், எந்தக் குடும்பம் கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பவில்லை, எந்தக் கிணற்றைச் சுற்றி இன்றும் பயம் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எந்த அலுவலகத்திலும் கிடையாது. சொன்னவர் வயது, அவருக்கு யார் சொன்னது, நீங்கள் கேட்ட நாள் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய சொல்லையே எழுதுங்கள். உங்கள் நடைக்கு மாற்றாதீர்கள்.

கடைசியாக, கணக்குப்பிள்ளை வீட்டு டிரங்குப் பெட்டி. ஏதேனும் ஒரு வீட்டில், பரணிலோ நெல் குதிர் இருந்த அறையிலோ அப்படி ஒரு பெட்டி இருக்கும். முதல் தடவை கேட்டால் “அதெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சு” என்பார்கள். ஒரு கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ போய்வந்த பிறகு கேட்டால் பெட்டியை இறக்குவார்கள். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். அவர்கள் திண்ணையிலேயே, அவர்கள் கண் முன்னாலேயே பிரியுங்கள். காகிதங்கள் எந்த வரிசையில் கிடக்கின்றனவோ அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். எதனோடு எது கட்டியிருக்கிறது என்பதும் ஒரு செய்தி. ஒவ்வொன்றையும் முன்பக்கம், பின்பக்கம், உறை, முத்திரை என்று படமெடுங்கள். அளவு தெரிய ஓரத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். மடிப்பில் ஒட்டிக்கொண்ட காகிதத்தை இழுத்துப் பிரிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். முடித்ததும் இருந்தபடியே கட்டி, வேப்பிலையை உலர்த்தி நடுவில் வைத்து, பெட்டியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். படங்களின் ஒரு படியை அந்த வாரத்துக்குள் அவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள்.